முழங்கால் உயர நிழற்குடை

என் முழங்காலைத் தாண்டாத ஒரு கட்டடத்துக்கு நான் திறப்பு விழா நடத்தியிருக்கிறேன். பந்தல், மைக் செட், சால்வை, ஆரஞ்சு மிட்டாய் எல்லாம் வைத்து. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் இதை வேறு யாரிடமாவது கேட்டுச் சிரிப்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அப்போதாவது சிரிப்பின் அளவு என் கட்டுப்பாட்டில் இருக்கும்.

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். நூல் மில்லுக்கு வேலைக்குப் போகும் பெண்கள் அங்கே சாலையோரம் வெயிலில் நின்றுதான் பஸ் ஏறுவார்கள். ஒரு நிழற்குடை வேண்டும் என்று ஊராட்சியில் கேட்டார்கள். வழக்கமாக நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? நான்கு கான்கிரீட் தூண், மேலே ஒரு தளம், தளத்தைவிடப் பெரிதாக ஒரு பெயர்ப்பலகை. சித்திரையில் அந்தத் தளம் தோசைக்கல்லாகிவிடும். நிழலோ அடியில் விழாமல் பக்கத்துச் சோளக்காட்டில் விழும். நான் வேறு வழியில் போனேன். நீள்வட்டமாக அரசங்கன்றுகளை நட்டேன். அவை வளர வளர வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றைச் சாய்த்துக் கட்டி வைத்தால், பட்டையோடு பட்டை உரசி, ஒட்டி, நாளடைவில் ஒரே உடம்பாகிவிடும். தூணும் அதுவே, கூரையும் அதுவே. சிமெண்டு வேண்டாம். காத்திருக்கத் தெரிந்தால் போதும்.

திறப்பு விழாவுக்கு ஊராட்சித் தலைவர் கத்திரிக்கோலுடன் வந்தார். ரிப்பனைக் கட்டும் அளவுக்குக் கன்றுகளுக்கு வலு இல்லாததால் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“ஏனுங்க, கட்டடம் எங்கீங்க?” என்றார் தலைவர்.

“நீங்க அதுக்குள்ளதாங்க நிக்கறீங்க.”

அவர் மேலே பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், கடைசியாகக் காலடியில் பார்த்து ஒரு எட்டு நகர்ந்து நின்றார். போட்டோக்காரர், “கட்டடம் படத்துல உழுகலீங்க. எல்லாரும் கொஞ்சம் குத்த வெச்சு உக்காருங்க” என்றார். ஊரின் முக்கியஸ்தர்கள் அத்தனை பேரும் வேட்டியை மடித்துக் குத்தவைத்து உட்கார்ந்த அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைக்கு நான் மைக்கில், “இந்தக் கட்டடத்துக்குப் பராமரிப்பே தேவையில்லை, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்” என்று முழங்கினேன். முழங்கால் உயரக் கட்டடத்தைவிட அந்த வாக்கியம்தான் என் வாழ்நாளின் பெரிய முட்டாள்தனம். அதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அதற்கு முன், அரசமரம் ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் அலுவலகம் சூரமங்கலத்தில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பரோட்டாக் கடையின் மாடியில் இருந்தது. என் பொறியியல் வாழ்க்கையின் பெரும்பகுதி பழைய கட்டடங்களின் கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றுகளைப் பிடுங்குவதிலேயே போயிற்று. பிடுங்குவோம், வேரில் ஆசிட் ஊற்றுவோம், பூசுவோம். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே கன்று, போன வருடத்தைவிடப் பச்சையாக நிற்கும். மண் இல்லை, தண்ணீர் இல்லை, செங்கல் இடுக்கில் காக்கை போட்ட எச்சம் மட்டும்தான். நாங்கள் கட்டியது நாளுக்கு நாள் பலவீனமாகிக்கொண்டிருந்தது, அதைப் பிளந்துகொண்டு வந்தது நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டிருந்தது. இதில் யாரை வேலைக்கு எடுப்பது என்று யோசிக்கப் பெரிய மூளை தேவையில்லை. சுவர்களை இடித்துக்கொண்டிருந்தவர்களையே பிடுங்கி வந்து கட்டடம் கட்டப் போட்டேன்.

என் பங்குதாரர் தலையில் அடித்துக்கொண்டார். “சேலத்துல இருக்கற இன்ஜினியரு பூராவும் அரசங்கன்னைப் புடுங்கிப் பொழைக்கறோம். நீ நட்டுப் பொழைக்கப் போறியா?”

நட்டுப் பிழைக்கவில்லைதான். ஆனால் நட்டேன்.

உங்களில் சிலர் இன்று மாவு எடுத்தபின் எஞ்சும் மரவள்ளித் திப்பியில் காளானை வளர்த்துச் சுவர்ப்பலகை செய்கிறீர்கள். சிலர் சுரைப்பிஞ்சை அச்சுக்குள் வளரவிட்டு விளக்குக்கூடு எடுக்கிறீர்கள். உங்கள் கணினித் திரையில் மரம் ஒரு மிடறு தேநீர் குடிப்பதற்குள் வளர்ந்து, வளைந்து, கூரையாகிவிடுகிறது. அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் திரையில் ஊர் இருப்பதில்லை. நீங்கள் அமைத்தது வளரும்போது, அதைச் சுற்றி ஊரும் ஒன்றை வளர்க்கும். அது என்னவென்று உங்களிடம் கேட்டுக்கொண்டு வளர்க்காது.

கன்றுகள் ஆள் உயரம் தாண்டி, ஒன்றையொன்று தொடும் பருவம் வந்தது. அதுவரை லாரி டியூபை நீளநீளமாக வெட்டித்தான் கட்டி வைத்திருந்தேன். ரப்பர் மரத்தோடு சேர்ந்து இழுபடும். ஆனால் கூரைச் சந்திப்புக்கு வந்தபோது எனக்குப் பயம் வந்துவிட்டது. காற்றடித்தால்? கிளை நழுவினால்? பயம் வந்தால் கட்டடக்காரனின் கை எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியும். கட்டுக்கம்பிக்குப் போகும். கம்பி கட்டும் ஆட்களை வரவழைத்தேன். தூண் கம்பியைக் கட்டுவதைப் போலவே ஒவ்வொரு சந்திப்பிலும் கொக்கியைப் போட்டு ஒரு முறுக்கு முறுக்கினார்கள். பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது. கான்கிரீட்டில் கட்டுக்கம்பியைக் கட்டினால் அதோடு மறந்துவிடலாம். மரத்தில் மறந்தால் அது தூக்குக்கயிறு. அது எனக்கும் தெரியும். அடுத்த பங்குனிக்குள் வந்து அத்தனையையும் வெட்டிவிட்டு மீண்டும் டியூபில் கட்டுவதாகத்தான் திட்டம்.

பங்குனிக்கு முன்னால் பிள்ளையார் வந்துவிட்டார்.

யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியாது. ஒருநாள் காலையில் மில்லுக்குப் போகும் பெண்கள் பார்த்தபோது, வளைவுக்கு அடியில் முழ உயரக் கல் பிள்ளையார் அறுகம்புல்லோடு உட்கார்ந்திருந்தார். அரசமரம் வளைந்து கருவறைபோல நின்றால், அங்கே யார் வந்து உட்காருவார் என்பது இந்த நாட்டில் பிறந்த எவருக்கும் தெரியும், என்னைத் தவிர. எனக்கு முதலில் சந்தோஷம்தான். என் கட்டடத்துக்கு முதல் குடித்தனம். பிறகு, இரண்டு வளவாக, அதாவது இரண்டு தெருவாக இருக்கும் அந்த ஊரில் மேல வளவுக்காரர்கள் மேடை கட்டினார்கள். கீழ வளவுக்காரர்கள் மேடைக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். மேல வளவு மணி வாங்கியது. கீழ வளவு அதைவிடப் பெரிய மணி வாங்கியது. பங்குனித் திருவிழாவான நோம்பியன்று முதல் மரியாதை எந்த வளவுக்கு என்று பேச்சு வந்து, பேச்சு கைக்கு வந்து, இரண்டு மண்டை உடைந்தன. வருவாய்த்துறையும் போலீசும் வந்து, நிழற்குடையைச் சுற்றி முள்கம்பி இழுத்து, அமைதிப் பேச்சுவார்த்தை முடியும்வரை யாரும் உள்ளே நுழையக்கூடாது என்று பூட்டிவிட்டுப் போனார்கள். மில் பெண்கள் மறுபடியும் வெயிலுக்கு வந்தார்கள்.

செய்தி கேட்டு நான் போய் முள்கம்பிக்கு வெளியே நின்று பார்த்தேன். கட்டுக்கம்பி பாதிப் பட்டைக்குள் போய்விட்டிருந்தது. முறுக்கின கொண்டை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கம்பிக்கு மேலே பட்டை உதடுபோல வீங்கியிருந்தது. மற்ற அரசமரங்களெல்லாம் செம்பு நிறத்தில் துளிர்விட்டுத் தளதளவென்று நிற்கும் காலம் அது. இங்கே ஓரத்து மரத்தின் இலைகள் மஞ்சளாகித் தொங்கின. இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டால் மொத்தக் கூரையும் போய்விடும்.

வருவாய் ஆய்வாளரிடம் போனேன். அவர் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பேச்சில் ‘ங்க’ குறைவு. நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம்தான் வேலை நடக்காது.

“மனு குடுங்க சார். பேச்சுவார்த்தை முடிஞ்சதும் பார்க்கலாம்.”

“எப்ப முடியுமுங்க?”

“ரெண்டு தரப்பும் வரணும். போன வாரம் ஒரு தரப்பு வரல. அதுக்கு முந்தி இன்னொரு தரப்பு வரல.”

“அதுவரைக்கும் மரம் தாங்காதுங்க. செத்துப்போயிரும்.”

அவர் என்னையே பார்த்தார். “மரமா? கட்டடமாப் பதிவு பண்ணச் சொல்லி நீங்க இதுவரைக்கும் குடுத்த ஒவ்வொரு மனுவுலயும் ‘இது மரம் அல்ல, கட்டடம்’னு எழுதியிருக்கீங்களே சார். நாங்கதான் மரம் மரம்னு சொல்லிட்டிருந்தோம். கட்டடம் எப்படி சார் சாவும்?”

என் வாழ்நாளில் என் கருத்தை ஒருவர் அவ்வளவு கவனமாகப் படித்து நினைவில் வைத்திருந்தது அதுதான் முதல் தடவை. அது எனக்கு எதிராக இருந்தது என்பது வேறு விஷயம்.

பங்குதாரர் போனில் யோசனை சொன்னார். “ராத்திரி ஒரு மணிக்குப் போய் அறுத்துப்போட்டு வந்துரு. ஆரு பார்க்கப் போறாங்க?”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. கோழைத்தனம் எப்போதும் சௌகரியமான நேரத்தில்தான் கூப்பிடும். ஆனால் நள்ளிரவில், பூட்டிய இடத்தில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், கையில் கருவியோடு ஒருவன் இருந்தால் அவனுக்குப் பெயர் பொறியாளர் அல்ல. நான் பிடிபடாமல் வந்திருந்தால் இன்னும் மோசம். காலையில் வெட்டுப்பட்ட கம்பியைப் பார்த்து மேல வளவு கீழ வளவைச் சொல்லும், கீழ வளவு மேல வளவைச் சொல்லும். இரண்டு மண்டை இருபதாகும். என் மரங்களைக் காப்பாற்ற அடுத்தவர் மண்டையை அடகு வைக்க எனக்கு உரிமை இல்லை. அதே சமயம், ஒரு பூட்டுக்குப் பயந்து, நானே கட்டிய கம்பியில் என் மரங்கள் மூச்சுமுட்டிச் சாவதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. ஒரு தடையை மீறியே ஆக வேண்டும் என்றால் பட்டப்பகலில் மீறுங்கள். உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு மீறுங்கள். எதிராளிகள் அத்தனை பேரும் பார்க்கும்படி மீறுங்கள். அதைச் செய்யத் தைரியம் இல்லையென்றால் அந்தத் தடை சரியானதுதான் என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போங்கள்.

மில் பஸ் வரும் நேரமாகப் பார்த்துக் காலையில் போனேன். கையில் கட்டிங் பிளேயர். முள்கம்பியைத் தாண்டும்போது என் பேண்ட் மாட்டிக் கிழிந்தது. அவ்வளவு கம்பீரமான நுழைவுதான். நிமிர்ந்தபோது டீக்கடையிலிருந்து இரண்டு வளவும் எழுந்து வந்துகொண்டிருந்தன. முன்னால் மேல வளவு குப்புசாமி, சற்றுத் தள்ளி கீழ வளவு ராசப்பன்.

“ஏனுங்க இன்ஜினியரு, பூட்டுன எடத்துக்குள்ளார எதுக்குங்க போனீங்க?” என்றார் குப்புசாமி.

“கையில என்னமோ வெச்சிருக்காரு பாருங்க” என்றார் ராசப்பன்.

“கட்டிங் பிளேயருங்க.”

“சாமி மரத்துல இரும்பு படக்கூடாதுங்க” என்றார் குப்புசாமி.

“ஏற்கெனவே பட்டு உள்ளார போயிருச்சுங்க. அதை எடுக்கத்தான் வந்தேன்.”

“அதெல்லாம் ஆகாதுங்க. மொதல்ல வெளிய வாங்க” என்றார் ராசப்பன்.

வாரக்கணக்கில் ஒரு பேச்சுக்கும் ஒத்துவராத இரண்டு வளவும் என்னை வெளியேற்ற வேண்டும் என்பதில் ஒரே நிமிடத்தில் ஒத்துப்போயின. சமாதானம் செய்ய வந்த அதிகாரிகள் யாரும் என்னைப் பயன்படுத்திக்கொள்ளவில்லையே என்று இப்போதுகூட நினைப்பேன். நான் மரப்பட்டைக்கு அடியில் உணவு செல்லும் பாதையைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பத்து வார்த்தைக்குள் கூட்டத்தின் முகத்தில், கோயிலில் மைக் பிடித்தவனைப் பார்க்கும் அலுப்பு வந்துவிட்டது.

“என்னமோ சொல்றீங்க” என்றார் குப்புசாமி. “கம்பி, சாமிக்குப் போட்ட காப்புன்னு இருந்துட்டுப் போவுதுங்க. உடுங்க.”

எனக்கு எங்கிருந்து கோபம் வந்தது என்று தெரியவில்லை. “காப்பு இல்லீங்க, இது அரணாக்கவுறு. தொட்டில்ல கெடந்தப்பக் கட்டுன அரணாக்கவுத்தை அறுக்காம இன்னமும் இடுப்புல போட்டிருக்கறவங்க உங்கள்ல ஆராச்சும் இருக்கீங்களா? இருந்தா வேட்டியை எறக்கிக் காட்டுங்க. நான் இப்பவே போயர்றேன்.”

என்னை அடிப்பார்கள் என்றுதான் நினைத்தேன். அப்போது சாலைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பாவாயி. அந்த மில் பெண்களில் வாய் துடுக்கானவர். என் முழங்கால் உயரக் கட்டடத்தை முதல் நாளிலிருந்தே கேலி செய்து வந்தவர்.

“காட்டச் சொல்லுங்க. பஸ்ஸு வார வரைக்கும் நாங்களும் சும்மாத்தான நிக்கறோம்.”

பெண்கள் சிரித்தார்கள். பிறகு ஆண்கள். ராசப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். “புள்ள வளந்தா பழசை அறுத்துப்போட்டுப் புதுசு கட்டறதுதானுங்க. அதுல ஒண்ணும் குத்தமில்ல” என்றார்.

“அப்ப செரி” என்றார் குப்புசாமி. “ஆனா மொதக் கம்பியை எங்காளுதான் அறுக்கோணும்.”

“அதெப்படிங்க? பேச்சை எடுத்தது நாங்க.”

“மேடை கட்டுனது ஆருங்க?”

மறுபடியும் ஆரம்பித்துவிட்டது. நான் பிளேயரை வைத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன். பாவாயி டிபன் பையைத் தோழியிடம் கொடுத்துவிட்டு, என்னைவிட லாவகமாக முள்கம்பியைத் தாண்டி வந்து, பிளேயரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார்.

“நீங்க ரெண்டு வளவும் பொழுதோட பேசி முடிங்க சாமி. எனக்குப் பஸ்ஸு வந்துரும்.”

ஓரத்து மரத்தில் நெஞ்சுயரத்தில் இருந்த கம்பியின் கொண்டையைப் பிடித்து வெட்டினார். டிக்கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். அப்புறம் யார் முதல் என்ற பேச்சே எழ வழியில்லை. மேலே இருந்த கம்பிகளுக்கு நானே ஏறினேன். என் ஒரு காலைக் குப்புசாமி தாங்கினார், இன்னொரு காலை ராசப்பன். அந்த ஊரில் அந்த இரண்டு வளவும் சேர்ந்து தூக்கிய ஒரே பாரம் நான்தான்.

பஸ் வந்தது, பெண்கள் போனார்கள், ஆய்வாளர் வந்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்றார். “சார், நான் புகார் எழுதித்தான் ஆகணும்.”

“எழுதுங்க. நான்தான் செஞ்சேன். வேற ஆரு பேரும் வேண்டாம்.”

எழுதினார். ‘பொதுக் கட்டடத்துக்குச் சேதம் விளைவித்தல்.’ வாசித்துப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. எத்தனை வருட மனு, எத்தனை அலுவலகம். அரசாங்கம் முதன்முறையாக அதைக் கட்டடம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. அதைச் சேதப்படுத்தியவன் என்ற முறையில் பெருமையோடு கையெழுத்துப் போட்டேன். வழக்கு கொஞ்ச காலம் இழுத்து, எப்போது என்று யாருக்கும் தெரியாமல் அடங்கிப்போனது. பேச்சுவார்த்தையும் முடிந்தது. நோம்பியன்று காலையில் யார் முதலில் பஸ்ஸுக்கு வந்து நிற்கிறார்களோ அவர்களுக்கு முதல் மரியாதை என்று முடிவாயிற்று.

ஓரத்து மரம் பிழைக்கவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். நான் கட்டிய கம்பி கொன்ற மரம் அது. ஆனால் அடுத்து நடந்ததையும் கேளுங்கள். பக்கத்து மரம் தன் கிளையை அந்த இடைவெளிக்குள் அனுப்பியது. நான் வளைக்கவில்லை, யாரும் வளைக்கவில்லை. இரண்டு மழைக்குப் பிறகு அந்த இடம் மூடிவிட்டது. ஒரு கான்கிரீட் தூண் விரிசல் விட்டால் பக்கத்துத் தூண் கைநீட்டி அதன் வேலையைச் செய்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதனால்தான் சொல்கிறேன்: தவறு கம்பியில்தான் இருந்தது, யோசனையில் இல்லை. இதெல்லாம் கட்டடமே இல்லை, தோட்டக்கலை என்று உங்களிடம் சொல்வார்கள். உயரம் என்ன, ஆயுள் என்ன, எப்போது முடித்துக் கொடுப்பீர்கள் என்று கேட்பார்கள். முடிக்க மாட்டோம் என்று சொல்லுங்கள். சாவியைக் கொடுத்துவிட்டுக் கைகழுவுகிற வேலையை விரும்புகிறவர்கள் வேறு தொழிலுக்குப் போகட்டும். நாம் கட்டியதை அவிழ்க்கவும் நாமே போக வேண்டும், பூட்டியிருந்தாலும் போக வேண்டும். இதில் எனக்கு இன்றும் எந்த மன்னிப்பும் கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் அந்த ஊருக்குப் போயிருந்தேன். ஓய்வு பெற்றவனுக்குத் தன் பழைய வேலையைப் போய்ப் பார்ப்பதைவிட வேறென்ன வேலை? நிழற்குடை தழைத்து இருண்டு நின்றது. உள்ளே போனால் ஏசி போட்டதுபோல் குளிர்ச்சி. தண்டுகள் ஒன்றோடொன்று கலந்து, எது எந்த மரம் என்று எனக்கே தெரியவில்லை. பிள்ளையார் மட்டும் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். மில் பெண்கள் அத்தனை பேரும் பத்தடி தள்ளி, வெளியே, வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நின்றவர் பாவாயி.

“ஏனுங்க, உள்ளார இத்தனை நெழலு இருக்குது. எதுக்கு வெளிய நிக்கறீங்க?” என்றேன்.

“உள்ளார நின்னா டிரைவருக்கு ஆளு இருக்கறதே தெரியறதில்லீங்க. வெறும் மரந்தான்னு நிறுத்தாம போயர்றானுங்க” என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நீங்க இத்தனை வருசம் இதுக்காவ ஆடாத ஆட்டமெல்லாம் ஆடுனீங்க. பஸ்ஸு எந்தப் பக்கமிருந்து வரும்னு எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுல்லீங்க?”